அம்மான் மில்லுக்கு நான் ஆடிட்டராக இருக்கலாமா?

கடிதம் நான்கு பக்கம். எழுதியவருக்கு வயது 34, காரைக்குடியில் சொந்தமாக பிராக்டிஸ் செய்யும் ஆடிட்டர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவரின் அம்மான், அதாவது தாய்மாமன், அரிசி ஆலை வைத்திருக்கிறார். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2022 பொதுக்குழுவில் இவரை ஐந்து வருஷத்துக்கு ஆடிட்டராகப் போட்டார்கள். முதல் கிளையன்ட் அதுதான். ஆபீஸ் இருப்பது அம்மானுக்குச் சொந்தமான கட்டிடத்து மாடியில், வாடகை கிடையாது. ஆபீஸ் தொடங்க கம்பெனியிடம் வாங்கிய 3 லட்சம் கடனில் பாதி பாக்கி. மில்லின் கணக்கை எழுதுவதும் இவர் ஆபீஸ் பையன்கள்தான். இரண்டு வருஷம் முன்பு அம்மான் தன் மருமகன்கள் மூவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார். இவர் கணவர் பேருக்கு 100 ரூபாய் முகமதிப்புள்ள 2,000 பங்குகள் வந்தன.

இந்த மார்ச் 31 அன்று சாயங்காலம் சரக்குப் பார்க்க குடோனுக்குப் போயிருக்கிறார். லிஸ்டில் 11,000 மூட்டை நெல். முன்னால் நின்று நீளம், அகலம், உயரம் பெருக்கினால் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஏதோ தோன்றி, ஏணி கேட்டு மேலே ஏறினார். அட்டியின் (மூட்டை அடுக்கின்) நடுவில் பள்ளம்; பள்ளத்துக்குள் தவிட்டு மூட்டைகள். திரும்ப எண்ணியதில் நெல் 7,400 மூட்டைதான் தேறியது. மூட்டை 1,500 ரூபாய் என்று வைத்தால் 54 லட்சம் குறைகிறது. அம்மானிடம் கேட்டதற்கு, “கமிஷன் மண்டியில கொஞ்சம் கெடக்கு, எழுதிக் குடு ஆத்தா, அடுத்த அறுவடைக்கு அட்டி தானா நெறைஞ்சிரும்” என்றாராம். அடுத்த வருஷம் கம்பெனியை எஸ்எம்இ (சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான) பங்குச் சந்தையில் பட்டியலிடும் திட்டம் வேறு இருக்கிறது.

அவர் கேட்பவை: 3 லட்சம் கடன் தப்பா? உறவினர் பட்டியலில் அம்மான் இல்லாததால் மற்றபடி தடையில்லைதானே? அறிக்கையில் குறை எழுதினால் உடனே நீக்கிவிடுவார்களா? வங்கி மேனேஜரிடம் சொல்லிவிடலாமா? கடைசியில் ஒன்று: “வெளியாள் ஆடிட்டர் என்றால் அவருக்கு இது தெரிந்தே இருக்காது. வீட்டு ஆள் என்பதால்தான் எனக்குத் தெரிந்தது. அப்படியென்றால் உறவு இருப்பது ஆடிட்டுக்கு நல்லதுதானே?”

அன்புள்ள வாசகிக்கு,

ஏணி கேட்டு ஏறினீர்களே, அதற்கு முதலில் என் பாராட்டு. முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அட்டியின் முன்வரிசையை எண்ணிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இளம் வயதில் நானும் அந்த மோரைக் குடித்தவன்தான்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு உண்மை தெரிந்ததற்கு உறவு காரணம் இல்லை, ஏணிதான் காரணம். சரக்கின் மதிப்பு பெரிதாக இருந்தால் ஆடிட்டர் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று நம் தணிக்கைத் தரநிலை சொல்கிறது. எந்த வெளியாளும் அதே ஏணியைக் கேட்டிருக்கலாம். உறவு என்ன செய்தது தெரியுமா? இறங்கி வந்த பிறகு உங்களைப் பேசவிடாமல் செய்தது. மார்ச் 31 அன்று பார்த்ததை இவ்வளவு நாள் கழித்து எனக்கு எழுதுகிறீர்கள். கம்பெனிக்கு ஒரு வரி எழுதியதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

கடனில் சிக்கல் இல்லை, பங்கில் இருக்கிறது

நீங்கள் கவலைப்படுவது கடனைப் பற்றி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 141ஆவது பிரிவும் அதன் விதியும் சொல்வது, ஆடிட்டரோ அவருடைய உறவினரோ கூட்டாளியோ கம்பெனிக்கு 5 லட்சத்துக்கு மேல் கடன்பட்டிருக்கக் கூடாது என்பதுதான். உங்கள் கடன் 3 லட்சம், அதிலும் பாதி அடைந்துவிட்டது. உங்கள் கணவர் பேரில் தனியாக எதுவும் இல்லையென்றால் சட்டப்படி தப்பில்லை. (அழகில்லைதான், அது வேறு.)

அம்மான் பற்றி நீங்கள் சொன்னதும் உண்மை. சட்டத்தின் உறவினர் பட்டியல் ரொம்பச் சின்னது: கணவன் மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, உடன்பிறந்தவர்கள், அப்புறம் இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள். அம்மான் இல்லை, அயித்தை இல்லை, சம்பந்தி இல்லை, மாமனார்கூட இல்லை. நம் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வீடு வீடாகப் போய் யார் யாரையெல்லாம் அழைக்காமல் விட முடியாதோ, அவர்களில் பாதிப் பேர் சட்டத்தின் கண்ணுக்கு அந்நியர்கள்.

ஆனால் உங்கள் கணவர் அந்தப் பட்டியலில் இருக்கிறார். உறவினர் கையில் இருக்கும் பங்கின் முகமதிப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 2,000 பங்கு, பங்குக்கு 100 ரூபாய். 2 லட்சம் ஆகிறது. காசு கொடுத்து வாங்கவில்லை, அம்மான் ஆசையாகக் கொடுத்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. பங்கு கைக்கு வந்த 60 நாளுக்குள் வரம்புக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். கொண்டுவராததால் 141(4)இன்படி நீங்கள் பதவியைக் காலி செய்திருக்க வேண்டியவர். ஆகவே ‘குறை எழுதலாமா, வேண்டாமா’ என்பதற்கே இடமில்லை. இந்த வருஷ அறிக்கையில் நீங்கள் கையெழுத்தே போடக் கூடாது.

அதன் பிறகு போட்ட அறிக்கைகளும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அது ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி செய்யக்கூடிய தவறுதான், அதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனமில்லை. கம்பெனிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பழைய தேதி போட்டுப் பங்கை மாற்றியதாகப் படிவம் தயாரிப்பது. இந்த யோசனையை உங்கள் காதில் போட யாராவது ஒருவர் வருவார், அநேகமாகச் சொந்தக்காரராகவே இருப்பார். கவனக்குறைவாக இருக்கிற விஷயம் அந்த ஒரு தேதியால் மோசடியாக மாறிவிடும்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்கவில்லை, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: கணக்கு எழுதுவதும் உங்கள் ஆபீஸ்தான் என்று. 144ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. சின்னக் கம்பெனி, பிரைவேட் கம்பெனி என்ற விலக்கு அதில் இல்லை. நம் ஊர்களில் பாதி மில்லுக்கு ஆடிட்டர் ஆபீஸ்தான் பேரேடு எழுதுகிறது, தெரியும். தான் எழுதியதைத் தானே சரிபார்ப்பது பரீட்சைப் பேப்பரை எழுதினவனே திருத்துகிற மாதிரி.

கையெழுத்து யாருக்காக

“அம்மானை நம்பவில்லையா?” என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் ஆளை மாற்றிக் கேட்கிறார். நீங்கள் அம்மானை நம்பலாம், அதற்கு அறிக்கை தேவையில்லை. அம்மானைப் பார்த்தே இராத ஒருவருக்காகத்தான் ஆடிட் அறிக்கையே எழுதப்படுகிறது.

1991க்கு முன்னால் இது இவ்வளவு உறைக்கவில்லை. கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்க வேண்டுமென்றால் டெல்லியில் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் விலையைக்கூடத் தீர்மானிப்பார். தாராளமயம் வந்து 1992இல் அந்த அலுவலகத்தை மூடினார்கள், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குச் சட்ட அதிகாரம் கொடுத்தார்கள். விலையை நீயே வைத்துக்கொள், உண்மையைச் சொல்லிவிடு, வாங்குபவன் படித்துப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று ஏற்பாடு மாறியது. அரசாங்கம் போட்டுக்கொண்டிருந்த பூட்டின் இடத்துக்கு ஆடிட்டரின் கையெழுத்து வந்தது. இந்தப் புதுப் பூட்டு எவ்வளவு லொடலொட என்று இருந்தது என்பது அந்தப் பத்தாண்டிலேயே தெரிந்தது: ஜனங்களிடம் பணம் திரட்டிவிட்டு, பதிவு செய்த விலாசத்தில் ஆளே இல்லாமல் மாயமான கம்பெனிகள் எத்தனையோ. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர் மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் வந்தபோது 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் காகிதத்தில் மட்டுமே இருந்தது. வங்கியின் உறுதிக் கடிதத்தை ஆடிட்டர்கள் நேரடியாகப் பெறாமல் கம்பெனி கையால் வாங்கியிருந்தார்கள். முன்வரிசையை மட்டும் எண்ணுவது கோடியிலும் அப்படித்தான்.

செட்டிநாட்டுக்கு இதெல்லாம் புதிதா என்ன? ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள் அங்கே அனுப்பியது பெரும்பாலும் சொந்த இனத்து ஆளைத்தான். ஆனாலும் ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று வருஷத் தவணை. தவணை முடிந்ததும் அடுத்த ஆள் போய்க் கணக்கை ஒப்புவித்துக்கொள்ள வேண்டும். ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு) ஊருக்கு வரும். முந்தினவர் எங்கே வாராக்கடனை மறைத்தார் என்பது புதிதாகப் போனவருக்குத்தான் முதலில் தெரியும். பங்காளியை அனுப்புகிறோமே, சந்தேகப்படலாமா என்று யாரும் கூச்சப்படவில்லை. அப்புறம் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊரில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறந்தபோது, முகம் தெரியாதவர்களின் டெபாசிட்டை வாங்கி நடத்தும் தொழிலுக்கும் இதே மண் போய்விட்டது. இப்போது உங்கள் அம்மான் சூரத்திலும் ஈரோட்டிலும் இருப்பவர்களின் பணத்தைக் கேட்கப் போகிறார். அவர்களில் யாருக்கும் அவர் அம்மான் இல்லை.

நீக்குவது லேசில்லை, துரத்துவது லேசு

குறை எழுதினால் மறுநாளே நீக்கிவிடுவார்கள் என்பது பொதுவான பயம். தவணைக்கு நடுவில் ஆடிட்டரை நீக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும், அதன் பிறகு சிறப்புத் தீர்மானம், உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, இத்தனையும் 140ஆவது பிரிவில் இருக்கிறது. குடும்பக் கம்பெனியில் தீர்மானம் ஐந்து நிமிஷ வேலை, அனுமதி அப்படியில்லை. அதனால்தான் யாரும் நீக்குவதில்லை. “நீங்களே எழுதிக் குடுத்துருங்க” என்பார்கள். ‘சொந்தக் காரணங்களால்’ என்று ஒரு வரி ராஜினாமா. அந்த வரி பொய்யென்று எழுதுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தெரியும். ராஜினாமா செய்த 30 நாளுக்குள் ஏடிடி-3 படிவத்தில் காரணத்தோடு கம்பெனிப் பதிவாளருக்குச் சொல்ல வேண்டும். தவறினால் 50,000 ரூபாய் அல்லது உங்கள் ஃபீஸ், எது குறைவோ அந்த அபராதம். நாள் நீள நீள அதற்கு மேலும் ஏறும்.

கறாரான ஆடிட்டருக்குத் தொழில் நஷ்டம் வரும் என்பதையும் மறைக்க வேண்டாம். சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிக்கொண்டிருந்த சீனாவில் 1990களின் நடுவில் புதிய தணிக்கைத் தரநிலைகள் வந்ததும், குறை சுட்டும் அறிக்கைகள் ஒன்பது மடங்கு ஆயின. அதன் பின்னாலேயே, அதிகமாகக் குறை எழுதிய பெரிய தணிக்கை நிறுவனங்களின் சந்தைப் பங்கு சரிந்தது. கம்பெனிகள் இளகின ஆளைத் தேடிப் போய்விட்டன. அரசு அலுவலகங்கள் தொடங்கி நடத்திய தணிக்கை நிறுவனங்களை அந்தப் பத்தாண்டின் கடைசியில் அங்கே பிரித்துவிட்டார்கள். தணிக்கை செய்யும் நிறுவனத்துக்கும் தணிக்கைக்கு உட்படும் கம்பெனிக்கும் ஒரே அரசு அலுவலகம் பின்னால் நிற்கக் கூடாதே. உங்கள் மாடி ஆபீஸும் மில்லும் ஒரே வீட்டை நம்பி இருப்பது கொஞ்சம் அந்தச் சாயல்தான்.

நானும் இழந்திருக்கிறேன். பிராக்டிஸ் தொடங்கிய நாலாவது வருஷம், ஒரு நூற்பாலையின் வாராக்கடன் பற்றி ஒரு பத்தி எழுதினேன். ஃபீஸில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. திரும்ப அந்த அளவுக்கு வர இரண்டு வருஷம் பிடித்தது.

வங்கிக்கு போன் போடலாமா?

வேண்டாம். கிளையன்ட் ரகசியத்தை அவர் சம்மதமோ சட்டத்தின் கட்டாயமோ இல்லாமல் வெளியே சொல்வது நம் ஆடிட்டர் இன்ஸ்டிடியூட் விதிப்படி தொழில் தவறு. நல்லெண்ணத்தில் மேனேஜரிடம் பேசினாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஆனால் டிசம்பரில், மில் கொடுத்த லிஸ்டை வைத்து வங்கிக்கு ஸ்டாக் சான்று கொடுத்ததாகவும், “அது ஆடிட்டில் சேராது” என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பான நினைப்பு. உங்கள் பேரும் யூடிஐஎன் எண்ணும் (ஆடிட்டர் கையெழுத்திடும் ஒவ்வொரு காகிதத்துக்குமான தனி அடையாள எண்) போட்டுத்தான் அந்தக் காகிதம் போயிருக்கிறது. அதை நம்பித்தான் வங்கி கடன் வரம்பைக் கணக்கிடுகிறது. சரக்கைப் பார்க்காமல் கொடுத்தது, மார்ச்சில் எண்ணியதில் வந்த வித்தியாசம், இரண்டையும் குறித்து, வங்கிக்குத் திருத்தம் அனுப்பும்படி கம்பெனி இயக்குநர் குழுவுக்கு எழுதுங்கள். வழக்கறிஞர் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

54 லட்சம் குறைவு மோசடியா, மண்டியில் கிடக்கும் சரக்கா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நெல் உண்மையில் மண்டியில் இருந்தால் அதற்கு வேபிரிட்ஜ் சீட்டு இருக்கும், கேட் பாஸ் இருக்கும், மண்டிக்காரர் உங்களுக்கு நேராகக் கடிதம் தருவார். இன்னொரு வழியும் உண்டு. அரசு கணக்குப்படி 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ. வருஷம் முழுதும் வாங்கிய நெல்லையும் விற்ற அரிசியையும் இந்த விகிதத்தில் வைத்துப் பாருங்கள், பக்கத்தில் கரண்ட் பில்லையும் வையுங்கள். நெல் எங்கே போனது என்று ஓரளவு அதுவே சொல்லிவிடும். தவிட்டு மூட்டையை நடுவில் அடுக்கியது மட்டும் தற்செயலாகத் தெரியவில்லை.

மோசடி என்று நம்பக் காரணம் இருந்தால், அதைத் தெரிவிக்கச் சொல்லும் 143(12) பிரிவு வந்துவிடும். 1 கோடிக்குக் கீழ் என்பதால் அரசுக்குப் போக வேண்டியதில்லை; ஆனால் தெரிந்த 2 நாளுக்குள் இயக்குநர் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதவி காலியாகியிருக்க வேண்டிய ஆளுக்கு இந்தக் கடமை எப்படிப் பொருந்தும் என்பது வழக்கறிஞர் பேச வேண்டிய நுணுக்கம். என்னைக் கேட்டால் எழுதிவிடுங்கள் என்பேன். எழுதியதால் கெட்ட ஆடிட்டரை நான் பார்த்ததில்லை.

இனி என்ன செய்வது

முதலில் கணவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், பங்கு விஷயத்தை மட்டும். நெல்லை அன்றைக்கு எடுக்காதீர்கள். பங்கை விற்றுவிட்டால் நீயே தொடரலாமே என்பார். விற்றால் அந்தத் தடை நீங்கும், மறுபடி நியமிக்கவும் வழி இருக்கிறது. ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். எஸ்எம்இ சந்தை என்றாலும் பட்டியலிட்ட கம்பெனிதான்; பியர் ரிவ்யூ சான்று (வேலைத் தரத்தை சக ஆடிட்டர் பரிசோதித்துத் தருவது) பெற்ற ஆடிட்டர் வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் ஆடிட்டரை மாற்றச் சொல்லும் சுழற்சி விதி வரும், பங்கு வெளியீட்டு ஆவணத்தில் உங்கள் பேர் இருந்தால் முதலீட்டாளருக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பும் கூடவே வரும். இதை அம்மானிடம் சொல்லும்போது உங்களை நீங்கள் காப்பாற்றிக்கொள்வதாகச் சொல்லாதீர்கள். மருமகன் பெண்டாட்டி ஆடிட் செய்த கணக்கை பங்கு வெளியீட்டை நடத்தித் தரும் எந்த மெர்ச்சன்ட் பேங்கரும் இரண்டு முறை புரட்டுவார் என்று சொல்லுங்கள். வியாபாரிக்கு அது சட்டென்று புரியும்.

பிறகு, 141(3)இன் கீழ் தகுதி இழந்ததால் பதவி காலியாகிறது என்று இயக்குநர் குழுவுக்குக் கடிதம். ராஜினாமாவாக எடுத்துக்கொண்டால் ஏடிடி-3இலும் இதே காரணம், எண்ணிக்கை வித்தியாசத்தோடு. உங்கள் வேலைக் காகிதங்கள் உங்களுக்குத்தான் சொந்தம். ஏழு வருஷம் பத்திரமாக வையுங்கள், ஏணியில் நின்று எடுத்த போட்டோ உட்பட.

புது ஆடிட்டர் பொறுப்பேற்கும் முன் உங்களுக்கு எழுதிக் கேட்டாக வேண்டும். வழக்கமாக ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறோம். நீங்கள் அப்படி எழுதாதீர்கள். கம்பெனிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, அதைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆடிட்டை விட்டால் மில்லையே விட்டதாகாது. கணக்கு எழுதலாம், ஜிஎஸ்டி பார்க்கலாம், குடோன் பதிவேட்டை ஒழுங்குபடுத்தலாம், பட்டியலிடும் வேலைக்கு அம்மான் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம். இதற்கெல்லாம் ஆடிட்டைவிட ஃபீஸ் கூடுதலாகவே வரும், மாடி ஆபீஸையும் காலி செய்ய வேண்டாம். புது ஆடிட்டர் சரக்குப் பார்க்க வரும் அன்று குடோன் சாவியோடு நீங்களே கூடப் போங்கள். வெளி வரிசையைக் காட்டி முடித்ததும் ஏணியை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.